அமைதிச் சான்றிதழும் ஒரு மஞ்சள் வட்டமும்

1

நான் அமைதியான மனிதன் என்பதற்கு என்னிடம் இப்போது சான்றிதழ் இருக்கிறது. வட்ட முத்திரை, நீல மையில் கையெழுத்து, வரிசை எண் எல்லாம் உண்டு. போன வாரம் தபாலில் வந்தது. 'மேற்கண்ட நபர் வண்ணம் தீட்டி மன அமைதி பெறும் ஆறு வாரப் பயிற்சியை முழுமையாக முடித்துள்ளார்' என்று எழுதியிருக்கிறது. அமைதி போதவில்லை என்றால் எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதையும் கீழே சின்ன எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எதையும் அரைகுறையாக விட மாட்டார்கள்.

அதைப் படம் எடுத்து ஓசூரில் இருக்கும் என் பழைய கூட்டாளி முனிராஜுக்கு அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் கூப்பிட்டான்.

"என்னா குரு, பெயிண்ட் ஷாப்ல பதினோரு வருசம் நின்னவன் நீ. உனக்குப் பெயிண்ட் அடிக்க அந்த ஊர்க்காரன் சர்டிபிகேட் குடுக்கறானா?"

"பெயிண்ட் அடிக்க இல்லடா. அமைதியா அடிச்சதுக்கு."

"இங்க இருந்தப்ப மட்டும் என்னா, கத்திகினா அடிச்ச?"

"அங்க நான் எங்கடா அடிச்சேன்? நீ அடிச்ச, நான் கத்துனேன்."

அவன் சிரித்தான். ஆனால் சொன்னது உண்மைதான். அவன் ஸ்ப்ரே கன் பிடித்தவன். நான் அவன் அடித்ததில் குறை கண்டுபிடித்தவன்.

ஊரிலிருந்து கூப்பிடும் நீங்கள் எல்லாரும் குளிர் எப்படி, சோறு கிடைக்கிறதா, அந்த மொழி வாயில் நுழைகிறதா என்றுதான் கேட்கிறீர்கள். குளிர் இருக்கிறது, சோறு கிடைக்கிறது, மொழி நுழையவில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியதல்ல. ஒன்பது வயது மகள், தான் வரைந்த படத்தை அப்பாவிடம் காட்டுவதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றியது. எட்டு மாதம் என் மகள் தன்யா எனக்கு ஒரு படத்தையும் காட்டவில்லை. சான்றிதழ் வந்த கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2

முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலையில் பெட்ரோல் டேங்குகளைப் பரிசோதிப்பது என் வேலை. நான்கு பக்கமும் ட்யூப் லைட் எரியும் கூண்டு. தலைக்கு மேல் ஓடும் சங்கிலியில் டேங்குகள் தொங்கிக்கொண்டு வரும். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பெயிண்ட் வழிந்திருந்தால் அதற்கு ரன் என்று பெயர். தூசி ஒட்டியிருந்தால் டஸ்ட். மழமழவென்று இல்லாமல் சொரசொரப்பாக இருந்தால் ஆரஞ்சு பீல், அதாவது ஆரஞ்சுத் தோல். குறை தெரிந்த இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் விழுந்த டேங்க் ரீவொர்க்குக்குப் போகும். அங்கே தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி என்னிடமே அனுப்புவார்கள்.

மத்திகிரியில் வாடகை வீடு. காலையில் கால்நடைப் பண்ணை வாசலில் கம்பெனி பஸ் ஏறுவேன். எங்கள் லைனில் கன்னடம், தெலுங்கு, மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ் எல்லாம் ஓடும். 'ரன்' என்று சொன்னால் மட்டும் எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒரே மாதிரி கோபம் வரும்.

மாதக் கடைசியில் நிலைமை வேறு. வண்டிகள் கிளம்பியாக வேண்டும், ரீவொர்க்குக்கு நேரம் இருக்காது. அப்போது மேலேயிருந்து ஒரு படிவம் இறங்கும். அதுதான் டீவியேஷன். குறை இருக்கிறது, தெரிந்தேதான் விடுகிறோம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும் காகிதம். பொருள், குறை, காரணம் என்று மூன்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் எப்போதும் 'அவசரம்' என்றுதான் எழுதுவோம். முப்பது நாள் மன்னிக்காத கண், முப்பத்தோராம் நாள் எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.

இந்தக் கண்ணை நான் கேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. ராயக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனபோதும் கூடவே வந்தது. கலைவாணி காபி கொண்டுவந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டீல் பீரோ. அதன் வலது கதவில், கைப்பிடிக்குக் கீழே, சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு ரன். இன்றைக்கும் அது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அன்று அவள் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று கேட்டுவிடாதீர்கள். அவள் கேட்டாகிவிட்டது. மாட்டிக்கொண்டேன்.

கலை நர்ஸ். பெங்களூரில் வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, இங்கே வேலை வாங்கியவள் அவள்தான். நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கேயும் கார் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு அதே வேலைதான் கிடைத்தது. அதே கூண்டு, அதே வெளிச்சம். பென்சில் மட்டும் கொஞ்சம் நல்ல பென்சில்.

3

போன வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். மத்திகிரி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டையில் முனிராஜ் வீடு என்று மூன்று வாரம் சுற்றினோம். திரும்பி வந்த வாரத்தில் தன்யா ஒரு படம் வரைந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்து சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அப்பா, பாரு" என்று நீட்டினாள். மத்திகிரி பஸ் ஸ்டாப். பெரிய நீல பஸ், பக்கத்தில் ஆட்கள்.

நான் வாங்கினேன். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்தேன். பஸ்ஸின் கூரையிலிருந்து நீலம் வழிந்து கீழே இறங்கியிருந்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மஞ்சள் பென்சில் வெளியே வந்தது. ஒரு வட்டம் போட்டேன்.

"ரன் இருக்கு பாரு" என்றேன். பிறகு பெரிய மனது பண்ணி, "பரவால்ல, ரீவொர்க் பண்ணிடலாம்" என்றும் சொன்னேன்.

தன்யா படத்தை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அழுதிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

கலை அடுப்பிலிருந்து திரும்பினாள். "புள்ள வரைஞ்ச படத்துல போயி யாராவது வட்டம் போடுவாங்களா?"

"தப்ப சொன்னாதானே திருத்திக்கும்."

"அது டேங்குக்கு. இது உங்க பொண்ணு."

அன்றிலிருந்து என்னைக் கண்டால் வரைபட நோட்டு மூடிக்கொள்ளும். அம்மாவுக்குக் காட்டுவாள். வகுப்பு ஆசிரியைக்குக் காட்டுவாள். எதிர் வீட்டுக் கிழவரின் நாய்க்குக்கூட ஒரு நாள் காட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தது. எனக்கு அந்த நாயின் மேல் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒருமுறை நானே கேட்டேன். "என்ன வரையற கண்ணு?"

"ஒண்ணும் இல்ல."

"காட்டேன்."

"நீ செக் பண்ணுவ."

அவள் தமிழில் சொன்ன வாக்கியங்களிலேயே இலக்கணச் சுத்தமான வாக்கியம் அதுதான். மற்றபடி வீட்டில் தமிழ் அவளுக்குத் தேய்ந்துகொண்டே வருகிறது. ரன், டஸ்ட், ரீவொர்க் மட்டும் மறக்கவில்லை. மகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறேன் என்று பெருமையாக நினைத்துக்கொண்டு, பெயிண்ட் ஷாப்பைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

4

பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பெற்றோர்கள் ஓய்வில்லாமல் ஓடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு எளிய ஓவியப் பயிற்சி, வியாழக்கிழமை மாலை ஆறரை மணி. உங்கள் வீட்டில் யாருக்கு அமைதி தேவை என்று பிள்ளைகளிடமே கேட்டிருந்தார்கள். அம்மா, அப்பா என்று இரண்டு கட்டங்கள். தன்யா அப்பா கட்டத்தில் டிக் போட்டிருந்தாள். ஒரு டிக் போதும். அவள் மூன்று போட்டிருந்தாள்.

"இரட்டை ஷிப்ட் பார்க்கிறவ நான். அமைதி உங்களுக்கா?" என்று கலை கேட்டாள். கேட்டுவிட்டு என் பெயரை அவளே எழுதி அனுப்பினாள்.

அமைதி பெறுவதற்கு நான்கு பக்கப் படிவம். உங்கள் அமைதியின்மை எப்போது தொடங்கியது? வாரத்தில் எத்தனை முறை? குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? வருகை குறைந்தால், பயிற்சிக்குப் பணம் கட்டும் மருத்துவக் காப்பீட்டு அலுவலகம் சான்றிதழ் தராது என்று தடித்த எழுத்தில் எச்சரிக்கை. அதைப் படித்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச அமைதியும் போயிற்று.

தொழில் என்ற இடத்தில் பெயிண்ட் பரிசோதகர் என்று எழுத வராமல், பெயிண்டர் என்பதற்கு அகராதியில் பார்த்து ஒரு சொல்லை எழுதினேன். இந்த ஊர் மொழியில் சுவருக்கு அடிப்பவருக்கும் ஓவியருக்கும் அந்த ஒரே சொல்தான். டேங்குக்கு அடிப்பவருக்குத்தான் வேறு சொல் இருக்கிறதாம். அது எனக்குத் தெரியாது.

முதல் வகுப்பில் நுழைந்ததும் ஆசிரியை பிரிகிட்டே இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபது வயது இருக்கும், கழுத்தில் மரமணி மாலை. "இந்தியாவிலிருந்து ஓர் ஓவியர் நம்மோடு" என்று எல்லோருக்கும் அறிவித்து, முன் வரிசையில் ஜன்னலோரம் உட்கார வைத்தார். நான் மறுப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டிய பிறகு மறுக்கும் அளவுக்கு எனக்கு ஜெர்மன் வராது.

5

பிரிகிட்டே மூன்று விதிகளைச் சொன்னார். மூச்சைக் கவனிக்க வேண்டும். வண்ணத்தைக் கவனிக்க வேண்டும். எதையும் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. "இங்கே தவறு என்று எதுவும் கிடையாது" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. தவறு என்று எதுவும் கிடையாது என்றால் இத்தனை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நான் சாப்பிடும் சோறே தீர்ப்புச் சொல்லிச் சம்பாதித்ததுதான்.

சுற்றிப் பார்த்தேன். பதினோரு பெற்றோர்கள். வங்கியில் வேலை செய்யும் ஒருவர் இடது கையால் மெயில் அனுப்பிக்கொண்டே வலது கையால் அமைதி அடைந்துகொண்டிருந்தார். ஒரு தாய் தன் அமைதியை நான்கு கோணங்களில் படம் எடுத்து எங்கேயோ ஏற்றினாள். பிறகு அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஒருவர் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தார். பிரிகிட்டேயின் விரல்களில் மரமணி மாலை கொஞ்சம் வேகமாக உருண்டது.

முதல் வாரம் எங்களுக்குக் கொடுத்த பொருள் ஓர் ஆரஞ்சுப் பழம்.

நீங்களே சொல்லுங்கள். ஆரஞ்சுத் தோல் தெரிந்தால் வட்டம் போடுவதே வேலையாக இருந்தவனிடம் ஆரஞ்சை வரையச் சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் மழமழவென்று வரைந்தேன். ஒரு புள்ளி இல்லை, ஒரு சொரசொரப்பு இல்லை. வெளிச்சம் விழும் இடம்கூட டேங்கில் விழுவது மாதிரியே விழுந்தது. இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கவே இல்லை.

பிரிகிட்டே குனிந்து பார்த்தார். தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதால் வெகுநேரம் சொல்லைத் தேடினார். "இது பந்தா?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

முனிராஜுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "ஆரஞ்சு பீல் இல்லாத ஆரஞ்சு. உன்னாலதான் குரு முடியும். அத அப்டியே சங்கிலில மாட்டி வுடு, ஓகே ஆயிடும்."

பிறகு அவன் சொன்ன செய்தி என்னைக் கொஞ்சம் தேற்றியது. அங்கேயும் இது வந்துவிட்டதாம். பாகலூர் ரோட்டில் புதிதாக எழும்பிய அபார்ட்மெண்டுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா அம்மாக்கள் உட்கார்ந்து வண்ணம் தீட்டி அமைதி அடைகிறார்களாம். அதைப் பார்த்துவிட்டு அவனுடைய கம்பெனியில் மனித வளத் துறையினரும் ஒரு பெண்மணியை அழைத்து வந்திருக்கிறார்கள். குழந்தை குட்டிக்காரர்களுக்கு மன உளைச்சல் அதிகம், வண்ணம் தீட்டினால் குறையும் என்று ஏற்பாடு. முதல் அணியாகப் பெயிண்ட் ஷாப்பையே அனுப்பிவிட்டார்கள்.

"எட்டு மணி நேரம் பெயிண்ட் அடிச்சிட்டு வந்தவங்கள உக்கார வெச்சி, பெயிண்ட் அடிங்க, ரிலாக்ஸ் ஆவீங்கன்னு சொல்லுது அந்தம்மா. எங்க லைன்ல பழனிசாமி கேட்டான், மேடம், அப்ப எங்களுக்கு இதுவரைக்கும் மன உளைச்சலே இருந்திருக்கக் கூடாதேன்னு."

"அதுக்கு என்னா சொன்னாங்க?"

"அது வேற பெயிண்டாம். இது மனசுக்குள்ள போற பெயிண்டாம். அதுக்குத்தான் மேடம் நாங்க மாஸ்க் போடறோம்னு சொல்லிட்டு வந்துட்டோம்."

அவன் அடுத்துச் சொன்னதுதான் என் மனதில் நின்றது. வகுப்பு முடிந்து அவன் ஒரு யானையை வரைந்து வீட்டுக்கு எடுத்துப் போனானாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவர்கள் ராகி வயலில் இறங்கிய யானை. அவன் மகன் பார்த்துவிட்டு, காது ரெண்டும் ஒரே பக்கம் இருக்குது என்று சிரித்தானாம். "நானும் சிரிச்சேன் குரு. ரெண்டு பேரும் அதுக்கு மூணாவது காது ஒண்ணு வரைஞ்சோம்" என்றான்.

போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் அந்த மூன்றாவது காதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அடித்ததில் எத்தனை வட்டம் போட்டிருப்பேன். அவனுடைய வீட்டில் பிள்ளை படத்தோடு ஓடி வருகிறான். என் வீட்டில் நோட்டு மூடிக்கொள்கிறது.

6

ஆறாவது வாரம், கடைசி வகுப்பு. 'உங்கள் பிள்ளைக்குப் பிடித்த இடத்தை வரையுங்கள்' என்றார் பிரிகிட்டே. எல்லோரும் தலையைக் குனிந்து ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எட்டு மாதமாக எனக்கு எந்தப் படமும் வரவில்லையே. கடைசியாகப் பார்த்தது அந்த பஸ் ஸ்டாப்தான். அதில் என்ன இருந்தது என்று யோசித்தேன். நீல பஸ் இருந்தது. ஆட்கள் இருந்தார்கள். எத்தனை பேர், யார் யார்? ஞாபகம் வரவில்லை. ரன் மட்டும் துல்லியமாக ஞாபகம் வந்தது, எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது வரைக்கும்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. அமைதிப் பயிற்சியில் அழலாமா என்று விதிகளில் இல்லை. அதனால் குனிந்துகொண்டு பஸ்ஸை வரைந்தேன். கண் மங்கியதில் தூரிகையில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. கூரையிலிருந்து நீலம் புறப்பட்டு, ஜன்னலைத் தாண்டி, சக்கரம் வரைக்கும் இறங்கியது. பதினேழு வருட உத்தியோகத்தில் அவ்வளவு பெரிய ரன்னை நான் பார்த்ததில்லை. துடைக்கக் கை துறுதுறுத்தது. துடைக்கவில்லை. பிரிகிட்டே கடந்து போகும்போது என் தோளைத் தட்டினார். ஓவியர் கடைசியில் மனம் திறந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் காயப் போட்டேன். தன்யா தண்ணீர் குடிக்க வந்தாள். நின்றாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

அவள் படத்தை இரண்டு ஓரங்களிலும் பிடித்துத் தூக்கினாள். விளக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தாள். இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை. ஒரு கண்ணைச் சுருக்கினாள். பதினேழு வருடம் நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். எதிரே நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கையை நீட்டினாள். நான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பென்சிலை எடுத்துக் கொடுத்தேன். கூரையிலிருந்து சக்கரம் வரை நீளமாக ஒரு வட்டம் போட்டாள்.

"ரன்" என்றாள்.

"ஆமா. பெரிய ரன்."

"ரீவொர்க்கா?"

"காகிதத்த தேய்ச்சா கிழிஞ்சிடும். ரீவொர்க் முடியாது."

"அப்போ? தூக்கிப் போடணுமா?"

அவள் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். பின்னால் கலை பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"வேணாம்" என்றேன். "ஓசூர்ல இதுக்கு ஒண்ணு இருந்துச்சு. டீவியேஷன். குறை இருக்குதுன்னு எழுதி, இருந்தாலும் பரவால்லன்னு கையெழுத்து போட்டு வெளிய வுட்டுடுவோம்."

"யாரு போடணும் கையெழுத்து?"

"செக் பண்ணவங்க."

அவள் யோசித்தாள். படத்தின் மூலையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பிறகு விடுவிடுவென்று அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். மேலே பென்சிலை வைத்தாள்.

"இதுக்கும் போடு."

மத்திகிரி பஸ் ஸ்டாப். நீல பஸ். நர்ஸ் உடுப்பில் கலை, ஜடை போட்ட தன்யா, நடுவில் இன்னொருவர். கூரையிலிருந்து வழிந்த நீலம் அந்த ஆளின் தலையில் இறங்கி, கன்னம் வழியாகக் கழுத்து வரை போயிருந்தது. அதைச் சுற்றி என் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் ஒரு முகம். மீசை இருந்தது. சட்டைப் பையில் மஞ்சளாக ஒரு கோடும் இருந்தது. அந்தப் பென்சிலை அவள் மறக்காமல் வரைந்திருந்தாள். வட்டத்துக்குள் இருந்தது நான்.

அன்றைக்கு எனக்கு ரன் மட்டும்தான் தெரிந்தது. அது யார்மேல் வழிந்திருந்தது என்று பார்க்கவே இல்லை.

பென்சிலை எடுத்தேன். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அத எழுதணும்" என்றேன்.

"எழுது."

அவசரம் என்று எழுதிப் பழகிய கை. படத்தின் அடியில் தமிழில் மெதுவாக எழுதினேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். எனக்கு அவசரமே இல்லை.

"இன்ஸ்… பெக்டர்… கண்… கோ… ளாறு. கோளாறுன்னா என்னாப்பா?"

"குறை. ரன் மாதிரி."

"இன்ஸ்பெக்டர் யாரு?"

"நான்தான்."

அவள் என் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பரவால்லப்பா" என்றாள். "ரீவொர்க் பண்ணிக்கலாம்."